அனுமதியின்றி நுழைந்த காற்று

நீர்வழி இலாகாவைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது. இருபத்திரண்டு வருடமாக அதன் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவன் நான். கவுண்டரின் சின்ன ஜன்னல் பயணிகளின் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. அதனால் யார் முகத்தையும் பார்க்காமல், பெல்ட்டையும் கைப்பையையும் பார்த்தே டிக்கெட் கிழித்துக் கொடுத்துவருகிறேன். ஜன்னலை இரண்டடி உயர்த்தித் தரும்படி ஒருமுறை எழுதிக் கேட்டேன். முகத்தைப் பார்த்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் வரிசை நகராது என்று பதில் வந்தது. யோசித்துப் பார்த்தால் சரிதானே? எதற்கும் ஒரு காரணத்தைக் கைவசம் வைத்திருக்கிற இலாகா அது. அப்படிப்பட்ட இலாகாவின் படகு நாற்பத்து மூன்று நாள் ஓடாமல் நின்றதற்கு ஊரில் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்கிறார்கள். நடந்ததை நடந்தபடி சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை.

ஆற்றுக்கு இருப்பது ஒரே படகு. அக்கரைக்குப் பன்னிரண்டு நிமிடம். படகு இல்லையென்றால் பாலத்தைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் இரண்டு மணி நேரம். படகின் இன்ஜினையும் சுக்கானையும் தனியாளாகப் பார்த்துக்கொள்கிற டிரைவருக்கு முப்பத்தொன்பது வயது. கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து அவர் மனைவி உண்டாகி, பிரசவத்துக்கு அக்கரையில் இருக்கிற தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். அக்கரைப் படகுத்துறையை ஒட்டி நீலக் கதவு போட்ட வீடு. இங்கிருந்து பார்த்தாலே தெரியும்.

அன்றைக்குக் காலை முதல் டிரிப் இக்கரைக்கு வந்து சேர்ந்ததும் டிரைவர் ஓடிவந்து, குனிந்து, என் ஜன்னல் வழியாக முகத்தைக் காட்டினார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஜன்னலில் நான் பார்த்த முதல் முகம் அதுதான்.

"பொண்ணு பொறந்திருக்கு அண்ணே! மூணு கிலோ! இப்பதான் போன் வந்துச்சு. அடுத்த டிரிப்புல போய் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்."

அடுத்த டிரிப் கிளம்பவில்லை. இன்ஜினில் டீசல் வடிகட்டும் பில்டருக்குப் போகிற குழாய் வெடித்து, டீசல் சொட்டிக்கொண்டிருந்தது.

குழாய்ப் பிரிவுக்குச் சொல்லியனுப்பியதும் மத்தியானம் இரண்டு மணிக்கே பிட்டர் வந்துவிட்டார். வேலையில் குறை சொல்ல முடியாது. அரை மணியில் பழைய குழாயைக் கழற்றிப் புதிய குழாயைப் பூட்டினார். பூட்டிய கையோடு பையிலிருந்து கம்பியும் ஈயமும் எடுத்து ஒவ்வொரு மூட்டுக்கும் முத்திரை வைத்தார். பில்டரின் தலையில் ஒரு சின்ன ஸ்குரூ உண்டு. அதற்கும் ஒரு முத்திரை. என்றைக்கோ, எந்தப் படகிலோ, அந்த ஸ்குரூ வழியாக யாரோ டீசலைக் கேனில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். அதிலிருந்து முத்திரை. முன்பெல்லாம் இன்ஜின் ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் முத்திரை வைப்பார்கள். குழாயைத் தொட்ட கை காய்வதற்குள் முத்திரை வைக்க வேண்டும் என்று போன மாதம்தான் சுற்றறிக்கை வந்திருந்தது.

டிரைவர் சாவியைத் திருப்பினார். கர் கர் கர் என்று இன்ஜின் சுற்றியது. பிடிக்கவில்லை. இன்னொரு தடவை. பிடிக்கவில்லை.

"புகையே வரலீங்க," என்றார் டிரைவர். "டீசல் போய்ச் சேரல. குழாயக் கழட்டினப்ப ஏர் புடிச்சிருக்கு. அந்த ஸ்குரூவ ரெண்டு சுத்து லூஸ் பண்ணி, கைப் பம்ப அடிச்சா நுரைநுரையா ஏர் வெளிய வந்துரும். நுரை நின்னு வெறும் டீசல் வந்ததும் டைட் பண்ணிட்டா தீந்துச்சு. பத்து நிமிஷ வேலை. கொஞ்சம் முத்திரைய எடுத்துவிடுங்க."

பிட்டர் பையைத் தோளில் மாட்டியாகிவிட்டது.

"நான் குழாய்ப் பிரிவு. குழாய மாத்தியாச்சு. குழாய்க்கு உள்ள இருக்கறதுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல."

"உள்ள இருக்கறது காத்துங்க."

"நான் காத்து கொண்டு வரலயே. வேணும்னா என் பையத் தொறந்து பாருங்க."

நான் பார்த்தேன். ஸ்பேனர்களும் கம்பியும் ஈயமும்தான் இருந்தன. அனுமதியில்லாமல் முத்திரையை உடைப்பவர் அன்றே சஸ்பெண்ட் என்று சுற்றறிக்கையில் இருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுப் பிட்டர் போய்விட்டார்.

மறுநாள் கண்காணிப்பாளர் வந்தார். படகுத்துறையில் எல்லோரும் அவரைச் சார் என்பார்கள். அவரும் தன்னைச் சார் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். மெல்லப் பேசத் தெரியாதவர். பக்கத்தில் நிற்பவரிடமும் ஆற்றின் குறுக்கே நிற்பவரிடம் பேசுவதுபோல்தான் பேசுவார். டிரைவர் ஏர், ஸ்குரூ, பத்து நிமிடம் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னார்.

"அதெல்லாம் அப்புறம். இன்ஜின் ஓடலைன்னு நீங்க சொல்றீங்க. இலாகா பார்த்துச்சா?"

"இல்ல சார்."

"இலாகா பார்க்காம ஒரு இன்ஜின் எப்படி ஓடாம இருக்க முடியும்?"

டிரைவர் சாவியைத் திருப்பிக் காட்டினார். கர் கர் கர். சார் குறித்துக்கொண்டார். ஒரு நாள் பார்த்தால் போதாது, தொடர்ந்து ஓடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். எனவே தினமும் காலை பதினோரு மணிக்கு இரண்டு சாட்சிகள் முன்னிலையில் "ஓடாமைச் சோதனை" நடக்கும் என்று உத்தரவு போட்டார். சாட்சிகளில் ஒருவன் நான். படகு ஓடாததால் எனக்கும் நேரம் இருந்தது. கவுண்டரைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதைத் திறந்து வைத்துவிட்டுப் போய்ச் சாட்சி சொல்லுவேன்.

அன்று மாலை இன்னோர் உத்தரவும் வந்தது. விசாரணை முடியும்வரை டிரைவர் இன்ஜினை விட்டு நூறு அடிக்கு மேல் விலகக் கூடாது. டிரைவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"சார், பஸ்ல போய் கொழந்தைய பார்த்துட்டு சாயங்காலத்துக்குள்ள வந்துடறேன் சார். பொறந்து ரெண்டு நாள்தான் ஆகுது."

"நான் உங்க கொழந்தையப் பார்க்க வேணாம்னு சொல்லவே இல்லையே! தாராளமா பாருங்க. நூறு அடிக்குள்ள பாருங்க."

நூறடி டேப்பின் ஒரு முனையை டிரைவர் இன்ஜினில் வைத்துப் பிடித்தார். மறு முனையோடு நான் நடந்து, சுண்ணாம்பில் கோடு போட்டேன். கோடு டீக்கடைக்கு மூன்றடி முன்னால் விழுந்தது. அன்றிலிருந்து டீக்கடைக்காரர் கோட்டுக்கு இந்தப் பக்கம் கையை நீட்டித்தான் டிரைவருக்கு டீ கொடுத்தார். டிரைவரின் படுக்கை படகில், குளியல் ஆற்றில். பேச்சு போனில்.

போனில் அவர் மனைவி பேசுவது பக்கத்தில் இருக்கிற எனக்கும் நன்றாகக் கேட்கும்.

"ஏங்க, எப்ப வர்றீங்க?"

"இன்ஜின் ஓடலம்மா. உள்ள காத்து போயிருச்சு."

"காத்தா?"

"ஆமா. எடுக்கறதுக்கு அனுமதி வரணும்."



"பதினோரு வருஷத்துல நீங்க எவ்வளவோ கதை விட்டிருக்கீங்க. இந்த மாதிரி ஒண்ண நான் கேட்டதே இல்ல. பொண்ணு பொறந்துச்சேன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்களா? சொல்லிடுங்க."

டிரைவர் துடித்துப்போய்விட்டார். போனை என் கையில் திணித்தார். நான் இலாகாவின் சார்பில் பேசினேன். காற்று நுழைந்தது உண்மை, முத்திரை உண்மை, கோடு போட்டவன் நானேதான் என்று விளக்கினேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க எவ்வளவு நாளா வேலை பார்க்கறீங்க அண்ணே அங்க?" என்றார். சொன்னேன். "அதான்," என்றார்.

பிறகு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். தினமும் மாலை ஐந்து மணிக்கு அந்த அம்மா நீலக் கதவுக்கு வெளியே குழந்தையைத் தூக்கிக் காட்ட வேண்டும். டிரைவர் படகின் முனையில் நின்று பார்ப்பார். இங்கிருந்து வெள்ளையாக ஒரு பொட்டலம் தெரியும், அவ்வளவுதான். டிரைவர் இரண்டு கையையும் ஆட்டுவார். ஒரு நாள் ஆசை தாங்காமல் மூன்று மணிக்கே பார்த்துவிட்டார். பொட்டலம் வாசலில் இருந்தது. கையை ஆட்டினார், கொஞ்சினார், விசிலடித்தார். கால் மணி நேரம் ஆட்டிவிட்டுப் போன் பண்ணினார்.

"என்னம்மா, இன்னிக்கு ரொம்ப நேரமா வெயில்ல வெச்சிருக்க?"

"அது தலகாணிங்க. காயப் போட்டிருக்கேன்."

நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு இன்ஜின் அறைக்குள் இறங்கிப் போனவர் வெகுநேரம் மேலே வரவே இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் கோட்டை நான் அழிக்கவில்லை. சுண்ணாம்பு மங்கியபோது புதுப்பித்தேன்.

ஒன்பதாம் நாள் ஓடாமைச் சோதனையில் சாவியைத் திருப்பினால் கர் என்ற சத்தம்கூட இல்லை. தினமும் சுற்றிச்சுற்றி பேட்டரி செத்துவிட்டது. சார் ரிப்போர்ட்டில் இப்படி எழுதினார்: "இன்றுமுதல் இயந்திரம் சத்தமில்லாமல் ஓடாமல் இருக்கிறது. அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு நீங்கியது." மேலிடத்திலிருந்து அவருக்குப் பாராட்டு வந்தது.

பன்னிரண்டாம் நாள் விசாரணை. படகுத்துறையில் மேஜை போட்டு, பச்சைத் துணி விரித்து, சார் உட்கார்ந்தார். டிரைவர் நின்றார். நான் எழுதினேன்.

"காத்து எப்ப உள்ள நுழைஞ்சது?"

"குழாயக் கழட்டினப்ப சார்."

"நீங்க பார்த்தீங்களா?"

"காத்த எப்படி சார் பார்க்கறது?"

"கண்ணால பார்க்காத ஒண்ண உள்ள இருக்குன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. சரி, போகட்டும். உள்ள வந்தது எந்தக் காத்து? நம்ம கரைக் காத்தா, அக்கரைக் காத்தா?"

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் பேனாவைப் பார்த்தேன். ஆற்றின் நடுவோடு எங்கள் வட்டம் முடிகிறது. அக்கரை வேறு வட்டம், வேறு கண்காணிப்பாளர். இது டிரைவருக்கும் தெரியும். ஆனால் அது காற்றுக்கும் பொருந்தும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

"அன்னிக்கு காத்து எந்தப் பக்கமிருந்து அடிச்சுது? அத சொல்லுங்க."

"கிழக்கேருந்து சார். அக்கரைப் பக்கமிருந்துதான்."

சாருக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. அப்போதே பைலைக் கட்டி அக்கரை வட்டத்துக்கு அனுப்பச் சொன்னார். படகு ஓடாததால் பைல் பஸ்ஸில் போயிற்று. பைல் போகிறதே, அதோடு நானும் போகட்டுமா என்று டிரைவர் கேட்டார். பைலுக்கு அனுமதி இருக்கிறது, உங்களுக்கு இல்லை என்று சார் சொன்னார். பைல் நீலக் கதவு வீட்டைத் தாண்டித்தான் போயிருக்கும். பதினோரு நாள் கழித்துப் பதிலோடு திரும்பி வந்தது. "மேற்படி காற்று எங்கள் கரையிலிருந்து புறப்பட்டதாகப் பதிவு எதுவும் இல்லை. புறப்படும்போது சொல்லிவிட்டுப் போகாத காற்றுக்கு இவ்வட்டம் பொறுப்பாகாது."

இதற்குள் குழந்தை கொட்டாவி விட ஆரம்பித்திருந்தது. போனில் அந்தக் கொட்டாவியை டிரைவர் கேட்டார். கொட்டாவிக்குச் சத்தமில்லையே என்று நான் சொன்னதற்கு, "எனக்கு கேட்டுச்சு அண்ணே," என்றார்.

காற்று யாருடையது என்று முடிவாகாததால், அதை அப்படியே எடுத்துவிடலாமா என்று சார் யோசிக்கத் தொடங்கினார். டிரைவருக்கு உயிர் வந்தது. ஆனால் இலாகாவில் இன்னொரு விதி உண்டு. இயந்திரத்திலிருந்து எடுக்கிற பொருள் எதுவானாலும், தேய்ந்த வாஷரானாலும், உடைந்த போல்ட்டானாலும், ஸ்டோரில் ஒப்படைத்துச் சீட்டு வாங்க வேண்டும். எனவே காற்றை வாங்கிக்கொள்ளச் சம்மதம் என்று ஸ்டோர்கீப்பர் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். ஸ்டோர் அறுபதடி தூரத்தில் இருந்தது. டிரைவரும் நானும் போனோம்.

ஸ்டோர்கீப்பர் நல்ல மனிதர். முப்பது வருடமாக ஒரு ஆணிகூடக் காணாமல் போனதில்லை. யாருக்கும் ஒரு ஆணிகூடக் கொடுத்ததும் இல்லை.

"எவ்வளவு காத்து?"

"ஒரு டம்ளர் இருக்குங்க."

"பழசா, புதுசா?"

"ஒரு மாசத்துப் பழசு."

"சரி. எதுல கொண்டு வருவீங்க?"

டிரைவர் தயாராகத்தான் வந்திருந்தார். மூடி போட்ட ஒரு காலி பாட்டிலை மேஜைமேல் வைத்தார். ஸ்டோர்கீப்பர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது காலி இல்லையே. ஏற்கெனவே உள்ள காத்து இருக்கு."

"அது வெளிக் காத்துங்க."

"அதத்தான் சொல்றேன். இதுல நீங்க இலாகாக் காத்தையும் கொண்டுவந்து கலந்துட்டீங்கன்னா, எது எதுன்னு நான் எப்படிப் பிரிப்பேன்? நாளைக்கு ஆடிட்டர் வந்து மூடியத் தொறங்கன்னா நான் என்ன பண்ணுவேன்? பாட்டில நெஜமாவே காலி பண்ணிக் கொண்டு வாங்க, தாராளமா வாங்கிக்கறேன்."

டிரைவர் பாட்டிலோடு திரும்பினார். வழியில் அதைக் கவிழ்த்து உதறினார். எதற்கு உதறினார் என்று நான் கேட்கவில்லை. அந்த நேரத்தில் நானும் உதறியிருப்பேன்.

இப்படி எதுவும் நகராமல் இருந்தபோதுதான் விஷயம் இயக்குநர் காதுக்குப் போயிற்று. எங்கள் இலாகாவின் உச்சி அவர். நிலைமையைச் சொன்னதும் அங்கேயே தீர்வு சொல்லிவிட்டாராம். "காற்று நீக்கத் திட்டம்" அறிவிக்கப்பட்டது. முதல் கட்டம், முத்திரை நீக்கம். இயக்குநரே நேரில் வந்து செய்வார். இரண்டாம் கட்டம், நிபுணர் குழு, ஆறு மாதம். மூன்றாம் கட்டம், காற்று. "ஆறு மாசமா? அதுக்குள்ள அவ நடக்க ஆரம்பிச்சுடுவா!" என்றார் டிரைவர். "அப்ப அவளே நடந்து வரட்டுமே, பஸ் ஸ்டாண்டு வரைக்கும்," என்றார் சார். பிரச்சினை தீர்ந்துவிட்ட சந்தோஷத்தில் சொன்னார், பாவம்.

நாற்பத்து மூன்றாம் நாள் விழா. படகின் மேல்தளத்தில் கம்பளம் விரித்து, நாற்காலி போட்டு, மைக் வைத்தார்கள். நாற்பது நாளாக அக்கரை போக முடியாமல் தவித்த ஜனங்கள், படகு கிளம்பப்போகிறது என்று யாரோ சொன்னதை நம்பிக் கூடையும் பையுமாக வந்து ஏறிவிட்டார்கள். கூட்டம் வேண்டும் என்று சாரும் விட்டுவிட்டார். மைக்குக்காக இரண்டு புது பேட்டரிகள் வந்தன. முழுசாக சார்ஜ் ஏற்றியவை. மேல்தளத்தில் வைத்தால் இயக்குநர் காலில் தடுக்கும் என்று, அவற்றைக் கீழே இன்ஜின் அறையில், செத்துப்போன பழைய பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார் சார். சொன்னது சார்தான். இதற்கு நான் சாட்சி.

இயக்குநர் வந்தார். இன்ஜின் அறைக்குள் குனிந்து இறங்கினார். வெள்ளித் தட்டில் நீட்டிய குறடு ஒன்றை எடுத்து, பில்டர் தலையிலிருந்த கம்பியை வெட்டினார். ஈய முத்திரை டக்கென்று விழுந்தது. கைதட்டினோம். டிரைவர் கைதட்டவில்லை. கண்கொட்டாமல் அந்த ஸ்குரூவையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் மேலே ஏறினோம். டிரைவர் மட்டும் கீழேயே நின்றுவிட்டார். இன்ஜினை விட்டு விலகக் கூடாது என்று அவருக்கு உத்தரவு இருந்ததல்லவா?

இயக்குநர் பேசினார். அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை.

"நண்பர்களே! இந்த நாற்பத்து மூன்று நாட்களில் இந்தப் படகில் ஒரு விபத்துகூட நடக்கவில்லை! ஒரு பயணிகூடத் தாமதமாக அக்கரை சேரவில்லை! ஒரு சொட்டு டீசல்கூட வீணாகவில்லை! ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இந்தச் சாதனையை நம்மால் செய்ய முடிந்ததா? யோசித்துப் பாருங்கள். நமது இலாகாவுக்கு இடைஞ்சலாக இருந்தது படகுகள்தான் என்பதை நான் பதவியேற்ற அன்றே உணர்ந்தேன்!"

சார் கைதட்டினார். கீழேயிருந்து சொளக் சொளக் என்று ஒரு சத்தம் வந்தது. கைப் பம்பின் சத்தம். எனக்கு அது நன்றாகத் தெரியும். நான் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

"காற்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நாம் அதற்கு ஒரு பைல் எண் கொடுத்தோம்! இன்று அந்தப் பைல் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். பைலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கண்ணுக்குத் தெரிய வைத்த முதல் இலாகா..."

சொளக் சொளக். பிறகு அது நின்றது. ஸ்பேனர் இறுக்குகிற சத்தம். டீசல் வாசனை மேலே வந்தது.

"இந்தப் படகு இனி என்றைக்குமே..." என்றார் இயக்குநர். மைக் நின்றுவிட்டது. உதடு மட்டும் அசைந்தது.

கர். கர். கர் கர் கர்.

டிரைவர் பேட்டரி கம்பியை மைக்கிலிருந்து பிடுங்கி இன்ஜினில் மாட்டிவிட்டார் என்று புரிந்துகொண்டேன். புகைக் குழாயிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. அது கறுத்தது. படகே ஒரு தரம் குலுங்கி, இன்ஜின் டமடமவென்று பிடித்துக்கொண்டது. ஜனங்கள் போட்ட கூச்சலில் இயக்குநர் அது தன் பேச்சுக்குத்தான் என்று நினைத்துக் கும்பிட்டார்.

முன்பக்கக் கயிறு அவிழ்ந்தது. நான் அதன் அருகில் நின்றிருந்தேன். கொஞ்ச நேரத்தில் பின்பக்கக் கயிறும் அவிழ்ந்தது. அப்போது நான் அதன் அருகில் நின்றிருந்தேன். இதற்குமேல் இந்த விஷயத்தில் நான் சொல்ல எதுவுமில்லை. கரையில், காற்றை வாங்கிக்கொள்ள ஒருவேளை கூப்பிடுவார்கள் என்று தயாராக நின்ற ஸ்டோர்கீப்பர் சின்னதாகிக்கொண்டே போனார்.

"யார் உத்தரவு? யார் கொடுத்த உத்தரவு?" என்று சார் கத்தினார். முதல் தடவையாக அவர் குரல் எங்கும் எட்டவில்லை. இன்ஜின் அதைவிடப் பெரிதாகக் கத்தியது.

பன்னிரண்டு நிமிடத்தில் அக்கரை. ஜனங்கள் தபதபவென்று இறங்கி ஓடிவிட்டார்கள். டிரைவர் கையெல்லாம் டீசலோடு மேலே வந்து, இயக்குநருக்கு எதிரே நின்றார். அவர் கண் நீலக் கதவில் இருந்தது. கதவுக்கு வெளியே அவர் மனைவி நின்றிருந்தார். கையில் இருந்தது தலையணை இல்லை.

"நிறுத்து இன்ஜினை!" என்றார் இயக்குநர். "இரண்டாம் கட்டம் முடியாமல் மூன்றாம் கட்டம் எப்படி நடந்தது? எடுத்த காற்று எங்கே?"

"போயிருச்சுங்க ஐயா."

"போய்விட்டதா? ஸ்டோரில் ஒப்படைக்கவில்லையா? பைல் நம்பர் போட்ட காற்றைத் தொலைத்துவிட்டீர்களா?"

"காத்தோட காத்தா கலந்துருச்சுங்க."

இயக்குநர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து உத்தரவுகளை வரிசையாகச் சொன்னார். நான் எழுதினேன். இயந்திரம் இந்த இடத்திலேயே நிறுத்தி முத்திரையிடப்பட வேண்டும். காணாமல் போன காற்று குறித்துப் புதிய விசாரணை தொடங்க வேண்டும். விசாரணைக்கு ஆறு மாதம்.

"ஐயா," என்றார் டிரைவர். "அந்த நூறு அடி உத்தரவு?"

"என்ன, அதைத் தளர்த்தச் சொல்கிறீர்களா?" இயக்குநர் கொதித்துப்போனார். "ஒரு அங்குலம் தளர்த்த மாட்டேன்! விசாரணை முடியும்வரை இந்த இயந்திரத்திலிருந்து நூறு அடிக்குள்தான் நீர் இருக்க வேண்டும்! சாப்பாடு, தூக்கம் எல்லாம் நூறு அடிக்குள்! எழுதய்யா!"

எழுதினேன். அந்தக் கையெழுத்து இன்றுவரை என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே அழகானது. இயக்குநர் கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, பஸ்ஸைத் தேடிக்கொண்டு நடந்தார். அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது.

டேப்பை எடுத்தோம். இந்தத் தடவை இன்ஜின் பக்கத்து முனையைப் பிடித்தவன் நான். மறு முனையோடு நடந்தவர் சார். அளந்து எழுதுவது கண்காணிப்பாளர் பொறுப்பு என்று உத்தரவில் சேர்த்திருந்தேன். டிரைவர் படகின் படியிலேயே நின்றார். ஓடிப்போய்விடலாம், யாரும் பிடிக்கப்போவதில்லை. ஆனாலும் அளக்கட்டும், பிறகு யாரும் வந்து கூப்பிடக் கூடாது என்று நின்றார்.

நீலக் கதவில் டேப் எண்பத்தோரு அடி காட்டியது. டிரைவரின் மனைவி குழந்தையோடு உள்ளே போய்விட்டார். கோடு வீட்டுக்குள் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டுமே என்றார் சார். "ஷூவ கழட்டிட்டு வாங்க, கொழந்த இப்பதான் தூங்குது," என்றது மாமியாரின் குரல். சார் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். டேப் மெல்ல வீட்டுக்குள் நீண்டுகொண்டே போயிற்று. பிறகு நின்றது. ரொம்ப நேரம் அப்படியே நின்றது.

சார் ஷூகூடப் போடாமல் படகின் படிவரை வந்தார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, மூச்சுவிடுகிற அளவுக்குத்தான் பேசினார்.

"தொட்டில் தொண்ணூத்தாறாவது அடியில இருக்கு."

டிரைவர் படியிலிருந்து எப்போது இறங்கினார், எப்போது நீலக் கதவுக்குள் போனார் என்று நான் பார்க்கவில்லை. நான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் எல்லைக்குள் இருக்கிறார் என்று எழுதினேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உலாவ அவருக்கு இன்னும் நாலடி மிச்சம் இருந்தது.